நூற்றைம்பது ரூபாய் சுவிட்ச்

எங்கள் வீட்டில் தப்புக்கு அடிதான் தீர்ப்பு. அப்பா அண்ணனை அடிப்பார், அண்ணன் என்னை அடிப்பான், நான் திருப்பி அடிப்பேன். அடித்து முடித்தால் அதோடு சரி. அரை மணி நேரத்தில் ஒன்றாக உட்கார்ந்து சோறு தின்போம்.

வண்டி யோசனையும் ஒரு அடியில்தான் பிறந்தது. எங்களிடம் மஞ்சுவிரட்டு மாடு ஒன்று இருந்தது. பொட்டலில் அவிழ்த்துவிட்டால் கூட்டத்தை உடைத்துக்கொண்டு கண்மாய், கருவேலங்காடு என்று ஓடிவிடும். பின்னாலேயே போய்ப் பிடித்து வருவது எங்கள் பாடு. அண்ணன் மொபெட்டில் துரத்த, அந்தச் சத்தத்துக்கு மிரண்ட மாடு சாக்கோட்டைப் பக்கம் ஒரு பள்ளத்தில் விழுந்து கொம்பை உடைத்துக்கொண்டது. அப்பா ஊர் பார்க்க மாட்டுக்கயிற்றாலேயே அவனை விளாசினார். அடுத்த வருஷமும் மாட்டுக்குச் சேதம் என்றால் விற்றுவிடுவேன் என்றார். அண்ணனுக்கு அந்த மாடுதான் உயிர்.

"சத்தமே இல்லாத வண்டி வேணும்டா" என்றான். நான் ஐ.டி.ஐ. எலக்ட்ரீசியன். எனக்குத் தெரியாததா?

எஞ்சின் செத்துப்போன பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று கொட்டகையில் கிடந்தது. சம்மட்டியால் அடித்து எஞ்சினைப் பெயர்த்தோம். காலண்டர் தாளின் பின்பக்கம் கணக்குப் போட்டேன். பழைய லாரி பேட்டரி இரண்டு, ஆயிரத்து எண்ணூறு. லாரியின் செல்ஃப் மோட்டார், தொள்ளாயிரம். அதற்குள் செம்புக் கம்பியில் புதுக் காயில் கட்ட ஐந்நூறு. செயினும் பல்சக்கரமும் நானூற்றைம்பது. வெல்டிங் முந்நூறு. அண்ணன் ஆடு விற்று வைத்திருந்தது நாலாயிரம். மிச்சம் ஐம்பது.

காரைக்குடி செக்காலையில் காயில் கட்டுகிறவர் தாளை வாங்கிப் பார்த்தார். "கட்-ஆஃப் சுவிட்ச் எங்க? ஓட்டுற பொத்தான் உள்ளுக்குள்ள ஒட்டிக்கிச்சுன்னா வண்டி நிக்காது. நூத்தம்பது ரூவாதான். ஆனைய வாங்கிட்டு அங்குசத்துக்குக் கணக்குப் பாக்குறீகளே தம்பி" என்று, கணக்கின் கடைசியில் சுவிட்ச் என்று அவரே ஒரு வரி எழுதிக் கொடுத்தார்.

நூறு ரூபாய் குறைந்தது. அப்பாவிடம் கேட்கலாம் என்றான் அண்ணன். படித்தவன் நான் போட்ட கணக்கு தப்பென்று அப்பா முன்னால் நிற்பதா? மாட்டேன் என்றேன். அறைந்தான். நான் விட்ட குத்தில் அவன் உதடு கிழிந்து சட்டையெல்லாம் ரத்தம். தாளைச் சுவரில் வைத்து, சுவிட்ச் என்ற வரியைத் தாள் கிழியக் கிழிய அடித்தேன். எப்போதும் கடைசி அடி அவனுடையதுதான். அன்று கையை இறக்கிவிட்டு, "சரி, உனக்குத் தெரியாததா" என்றான்.

அடுத்த மஞ்சுவிரட்டில் மாடு பிடிபடாமல் ஓடி, வற்றிய கண்மாய்க்குள் போய் நின்றது. அண்ணன் வண்டியில் போனான். செயின் உரசுவதைத் தவிரச் சத்தமில்லை. கரைமேல் நின்ற எனக்குப் பெருமை தாங்கவில்லை. மாட்டுக்கு ஐம்பதடி இருக்கையில் அவன் பொத்தானிலிருந்து கையை எடுப்பது தெரிந்தது. வண்டி நிற்கவில்லை. பிரேக்கை மிதித்தான். அப்படியும் நிற்கவில்லை. "எலே, நிக்க மாட்டேங்குதுடா!" என்று கத்தினான்.

வண்டி மாட்டின் பின்னங்காலில் மோதியது. மாடு திரும்பி, நல்ல கொம்பை அவன் தொடையில் இறக்கித் தூக்கியது. கீழே போட்டு மறுபடி தூக்கியது. நான் ஓடிப் போய்ச் சேரும்போது மாடு நொண்டிக்கொண்டு விலகியிருந்தது. சாய்ந்து கிடந்த வண்டியின் சக்கரம் அவன் காலைத் தேய்த்தபடி சுற்றிக்கொண்டிருந்தது. பேட்டரி வயரை வெறுங்கையால் பிடுங்கினேன். உள்ளங்கை வெந்த வாடை வந்தது. அவன் ரத்தத்தை என் வேட்டியால் அழுத்திப் பிடித்தேன்.

அப்பா மாட்டை அடிமாட்டுக்கு விற்றார். அதை அண்ணனிடம் நான்தான் சொன்னேன், காரைக்குடி ஆஸ்பத்திரியில், மூன்றாம் நாள். சொல்லிவிட்டு அவன் கைக்கு எட்டும்படி முகத்தைக் கொண்டுபோய் வைத்தேன்.

"அடிண்ணே. நாந்தான் அந்த வரிய அடிச்சேன். அடி."

அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

இன்றும் ஒரு காலை இழுத்துத்தான் நடக்கிறான். அதன்பிறகு நான் அவனுக்குச் செய்த தப்புகள் எத்தனையோ. ஒன்றுக்கும் அவன் என்னை அடிக்கவில்லை.