கயிற்றின் மறுமுனை

கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டியதும் என் மனைவியின் சின்ன கார் நின்றுவிட்டது. மெக்கானிக் வரும்வரை காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. முன்னால் நான் ஓட்டிவந்த என் பெரிய வண்டியில் கயிறு கட்டிப் பொள்ளாச்சிக்கு இழுத்துக்கொண்டு கிளம்பினேன். பின்னால் காரில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அவள்.

"ஏனுங்க, இன்ஜின் ஓடாம பிரேக் கல்லாட்டம் இருக்குதுங்க. மெதுவாப் போங்க."

"பயமா இருந்தா ஹாரன் அடி" என்றேன்.

ஏசியைப் போட்டேன், பாட்டைப் போட்டேன். கொஞ்ச தூரத்தில் பின்னால் அவள் வருவதே மறந்துபோனது. முன்னே தேங்காய் லாரி ஒன்று ஊர்ந்தது. வழக்கம்போல முந்தி, இடப்பக்கம் சேர்ந்துவிட்டேன். கண்ணாடியில் பார்த்தால் அவள் கார் இன்னும் வலப்பக்கத்தில். அதற்கு நேரெதிரே ஒரு பஸ். பஸ் டிரைவர் சட்டென்று மண்ணில் இறக்கியதால் தப்பினாள்.

மெல்ல ஓரங்கட்டிவிட்டு ஓடினேன். காரின் முன்பக்கத்தைக் குனிந்து பார்த்து, "வண்டிக்கு ஒண்ணும் ஆகலையே?" என்றேன்.

அவள் கை அப்போதும் ஹாரனை அழுத்திக்கொண்டிருந்தது. மெதுவாக எடுத்தாள்.

"இல்லீங்க. எனக்கும் ஒண்ணும் ஆகலீங்க."

அன்றிலிருந்து நான் வண்டியில் பாட்டுப் போடுவதில்லை. ஏன் என்று அவள் கேட்டதுமில்லை.