மூன்று மார்க் ரேடியோ

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடலூரிலிருந்து சிதம்பரம் போன பஸ்ஸில், மடியில் மூன்று ரேடியோக்களைக் கட்டிக்கொண்டு ஓர் ஆள் உட்கார்ந்திருந்தானே... பார்த்தீர்களா? நான்தான்.

பையின் வாயிலிருந்து ஏரியல் நீட்டிக்கொண்டிருந்தது. ரிப்பேருக்கா என்று கண்டக்டர் கேட்டார். இல்லை, பரீட்சைக்கு என்றேன். அதற்கு மேல் அவர் பேச்சுக் கொடுக்கவில்லை.

பரீட்சை வைத்தவன் ஜலால். காலேஜில் என்னோடு படித்தவன், சிதம்பரத்துக்காரன். ரொம்ப வருஷம் வளைகுடாவில் வேலை. அங்கே அவனுக்குத் தமிழ் என்றால் சிற்றலை ரேடியோதான். ஊர் திரும்பியும் பழக்கம் விடவில்லை. சாயங்காலம் ஆறரைக்குத் தமிழ் ஒலிபரப்பு கேட்காவிட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது. போன வருஷம் சர்க்கரை வியாதி அவனுடைய இரண்டு கண்ணையும் வாங்கிக்கொண்டது.

அன்றிலிருந்து ஸ்டேஷன் பிடித்துக் கொடுப்பது அவன் மனைவி ரஹ்மத். அடுப்பில் என்ன இருந்தாலும் இறக்கி வைத்துவிட்டு வருவார். பிடித்த ஸ்டேஷன் நழுவினால் மறுபடியும் வருவார்.

"ஒரு நாளு கூட அவ மூஞ்சத் தூக்குனது இல்ல மச்சான். அதான் என்னால தாங்க முடியல" என்றான் போனில். "இந்த ஒண்ணயாவது நானே செஞ்சிக்கணும். என் கைக்கு ஒத்து வர்ற ரேடியோவா ஒண்ணு சொல்லு."

மொபைல் இருக்கிறதே என்கிறீர்களா? நானும் அதைத்தான் கேட்டேன். வெறும் கண்ணாடியைத் தடவினால் எது எங்கே இருக்கிறதென்று விரலுக்கு என்ன தெரியும் என்றான்.

ரேடியோ விஷயத்தில் நான் புலி. இதைச் சொன்னது யார்? நான்தான், இதே பத்திரிகைப் பத்தியில், பல தடவை. அதற்கென்று ஒரு நோட்டே வைத்திருக்கிறேன். சிக்னல் வாங்குவதற்கு இவ்வளவு, பக்கத்து ஸ்டேஷன் புகுந்து குழப்பாமல் இருப்பதற்கு இவ்வளவு, பேட்டரிக்கு இவ்வளவு என்று கட்டம் போட்டு மார்க். கடைசியில் 'கைக்கு வசதி' என்றும் ஒரு கட்டம் உண்டு. அதில் எல்லா ரேடியோவுக்கும் எட்டு. ஏன் எட்டு? யோசித்ததே இல்லை.

ஜலால் வீட்டுக் கூடத்தில் முதலில் என் செல்ல ரேடியோவை எடுத்து வைத்தேன். நாற்பது பட்டன், நானூறு ஸ்டேஷனை ஞாபகம் வைக்கும், பத்துக்கு ஒன்பதரை. ஜலால் வாங்கித் தடவினான். பட்டனெல்லாம் ஒரே அளவு, ஒரே வழவழப்பு. இதில் அஞ்சு எது என்று கேட்டான். பழகினால் ஈஸி என்றேன். அப்படியா என்று தோளில் கிடந்த துண்டை நீட்டி, கண்ணைக் கட்டிக்கொள்ளச் சொன்னான்.

கட்டிக்கொண்டேன். மூன்று வருஷம் பழகிய ரேடியோ ஆயிற்றே! நாலைந்து பட்டன்களை அமுக்கினேன். நடுவில் பூட்டுகிற பட்டனில் கை பட்டிருக்கிறது. அதன் பிறகு எதை அமுக்கினாலும் ரேடியோ அசையவில்லை. மெஷின் செத்துவிட்டது என்று அறிவித்தேன். ரஹ்மத் வந்து, திரையின் மூலையில் பூட்டுப் படம் இருப்பதைப் பார்த்து, திறந்துவிட்டுப் போனார். சிரிக்கவில்லை. சிரித்துத் தொலைத்திருக்கலாம்.

இரண்டாவது, சட்டைப் பை சைஸ். அதன் குமிழ் முடிவே இல்லாமல் சுற்றும். எங்கே நிற்கிறோம் என்பது திரையைப் பார்த்தால்தான் தெரியும். அரை நிமிஷத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

மூன்றாவது... பழைய வாசகர்களுக்கு நினைவிருக்கும். இரண்டு வருஷத்துக்கு முன்பு இங்கேயே நார் நாராகக் கிழித்தேனே, 'கொட்டாவி விடுகிற ரேடியோ' என்று? பத்துக்கு மூன்று மார்க். சிக்னலே வாங்காது. பிறகு எதற்குக் கொண்டுபோனேன்? என் செல்லம் எவ்வளவு உசத்தி என்று காட்ட ஒரு மட்டம் வேண்டுமே!

ஜலால் அதைக் கீழே வைக்கவில்லை. அலைவரிசைப் பேண்டை மாற்றினால் டக் டக்கென்று கைக்குத் தெரிந்தது. பெரிய குமிழ், இரண்டு கோடியிலும் முட்டி நின்றது. ஆனால் ஸ்பீக்கரில் வெறும் முணுமுணுப்பு. அது தேறாது, நான் எழுதியே இருக்கிறேன் என்றேன். அவன் விரல் இடது பக்கமாக ஊர்ந்துபோய் ஓரிடத்தில் நின்றது.

"மச்சான், இங்க ஒரு குட்டி சுவிட்ச் கீதே... இது எதுக்கு?"

சொல்லிக்கொண்டே தள்ளினான். கூடம் அதிர்ந்தது! என்ன பாஷையோ தெரியவில்லை, எவனோ பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி கேட்டது.

அருகில், தூரம் என்று மாற்றுகிற சுவிட்ச் அது. பக்கத்து ஸ்டேஷனின் சத்தம் ஜாஸ்தியானால் சிக்னலைக் குறைத்துக்கொள்ள வைத்திருப்பார்கள். சிற்றலை கேட்பவர்களுக்கு அரிச்சுவடி. வாங்கிய புதிதில் உறையில் திணித்தபோதே நகர்ந்திருக்க வேண்டும். இரண்டு வருஷமாக அது 'அருகில்' என்றே கிடந்திருக்கிறது. இரண்டு கண்ணும் தெரிகிற நான் ஒரு நாளும் பார்க்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

டயல் முள்ளைப் பார்த்து, தமிழ் ஒலிபரப்பு வருகிற இடத்தை நான் சொன்னேன். இடது கோடியில் முட்டவிட்டு, அங்கிருந்து இரண்டு சுற்று, அப்புறம் கொஞ்சம். ஜலால் பத்துத் தடவையாவது பழகியிருப்பான்.

ஆறரை. குமிழைக் கோடிக்குத் திருப்பினான். முட்டியது. ஒரு சுற்று... இரண்டு... வெறும் இரைச்சல். நான் கையை நீட்டப் போனேன், நல்லவேளை அடக்கிக்கொண்டேன். இன்னும் ஒரு மயிரிழை. வணக்கம் சொன்னது ரேடியோ.

அதே நேரத்துக்கு ரஹ்மத் வழக்கம்போல முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். வாசற்படியிலேயே நின்றார். என்னைப் பார்த்தார். நான் இல்லை, அவன் என்று ஜாடை காட்டினேன். உள்ளே போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

நான் சும்மா இருப்பேனா? சிக்னல் எவ்வளவு சுத்தம் தெரியுமா என்று ஆரம்பித்தேன்.

"செத்த நேரம் பேசாம இரு மச்சான். செய்தி சொல்றாங்க."

திரும்பும்போது பையில் இரண்டு ரேடியோதான்.

வாசகர்களே, ஒரு திருத்தம்: இரண்டு வருஷத்துக்கு முன்பு இந்தப் பத்தியில் வந்த 'பத்துக்கு மூன்று' மார்க், ரேடியோவுக்கு அல்ல, எழுதினவனுக்கு என்று மாற்றிப் படிக்கவும்.