குடிக்க உகந்த ஊற்று

இன்று ராமநாதபுரத்திலிருந்து கிளம்பிய பஸ்ஸில், பக்கத்து இருக்கைப் பெண் ஓர் ஆங்கில ஆய்வுக் கட்டுரையை என்னிடம் நீட்டினார்.

இறால் பண்ணையால் ஊரின் குடிநீர் ஊற்று உப்பாகிவிட்டது என்று கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தாராம். பதிலாக இதைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

"என்னண்ணே போட்டிருக்கு?"

"ஊத்துத் தண்ணி குடிக்க உகந்ததாம். ஆய்வு செஞ்ச பேராசிரியரு அதுக்கு யாருகிட்டயும் பண உதவி வாங்கலையாம். பண்ணைக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லையாம்."

"பண்ணை ஜீப்புலதானண்ணே அந்த சாரு வந்தாக! ஊத்துத் தண்ணியச் செரட்டையில மோந்து குடுத்தேன். வேணாந்தாயின்னுட்டு, கொண்டாந்த கேன் தண்ணியக் குடிச்சாக."

கட்டுரையை வாங்கி மடித்துப் பைக்குள் வைத்தார்.

"எம் மக மாசமா இருக்கா. அவ அதத்தான் குடிக்கிறா."

கட்டுரை வெளியான ஆய்விதழுக்கு ஒரு திருத்தம் அனுப்பியிருக்கிறேன். 'குடிக்க உகந்தது' என்பதற்குப் பக்கத்தில் 'ஆய்வாளர் நீங்கலாக' என்று சேர்க்க வேண்டும்.

வேறு திருத்தம் இருந்தால் பேராசிரிய நண்பர்கள் சொல்லலாம். நீங்கள் ஆய்வுக்குப் போய்வந்த வண்டி யாருடையது என்பதையும் சேர்த்துச் சொல்லவும்.