தென்துருவத்துல கிரகணம்

எங்க வூட்ல மூணு நாளைக்கு ஒரு தடவ கிரகணம் புடிச்ச வருசம் ஒண்ணு உண்டு. வெளிய சூரியன் அதுபாட்டுக்கு எரிஞ்சிகினு இருக்கும், அதுக்கு ஒரு கொறையும் இருக்காது. எங்க மருமவ மட்டும் ஜன்னல் கதவெல்லாம் சாத்திகினு உள்ள படுத்திருப்பா. கரண்ட் கட்டு தலைவிரிச்சு ஆடின காலம். ஃபேனு ஓடாது. நான் கதவுக்கு இந்தாண்ட ஒக்காந்துகினு, "உள்ள வேவுதாம்மா?"ன்னு கேப்பேன். "பரவால்ல மாமா"ன்னு சத்தம் வரும்.

இத சொல்லணும்னா எம்புள்ள எங்க போனான்னு மொதல்ல சொல்லணும்.

அவன் ஒரகடத்துல ஒரு கார் பார்ட்ஸ் கம்பெனில இருந்தான். லைன்ல வர்ற பார்ட்ஸ்ல கீறல் கீதான்னு பாக்க கேமரா வெச்சிருப்பாங்களாம். அந்தக் கேமராவ பாத்துக்கறது அவன் வேல. நான் படப்பைலருந்து ஒரகடத்துக்கு ஷேர் ஆட்டோ ஓட்டிகினு இருந்தேன். காலைல ஷிஃப்ட்டுக்கு என் வண்டிலதான் வருவான். பின்னால சீட்டுல மத்தவங்க ஒக்காரணும்ல, அதனால முன்னால என் பக்கத்துல பாதி உடம்பு வெளிய தொங்க ஒட்டிகினு வருவான். பள்ளத்துல வண்டி எறங்குச்சுன்னா அவன் தோளு என் தோள இடிக்கும். ஒரகடம் வர்ற வரைக்கும் ஒரு வார்த்த பேச மாட்டோம், பேசறதுக்கு இன்னா கீது? அவன் போனப்பறம் அந்த எடம் காலியாத்தான் கெடந்துது. வேற யாராச்சும் ஒக்கார வந்தா, "பின்னால போப்பா, போலீஸ் புடிப்பான்"னு சொல்லிடுவேன்.

சரி, எங்க வுட்டேன். மேல படிக்கிறேன்னு அவன் வெளிநாடு போயிட்டான். அங்கருந்து ஒரு நாள் போன் பண்ணி, "தென்துருவத்துக்குப் போறேம்பா, ஒரு வருசம்"ன்னான்.

"அங்க இன்னாடா கம்பெனி கீது?"

"கம்பெனி இல்லப்பா, டெலஸ்கோப்பு. நம்ம சூரியன பூமி சுத்துதுல்ல, அந்த மாதிரி மத்த நட்சத்திரத்த சுத்திகினு ஏதாச்சும் கிரகம் கீதான்னு தேடறாங்க. அத நான் பாத்துக்கணும்."

"அதுக்கு அங்க எதுக்குப் போவணும்? நம்ம மொட்ட மாடிலருந்தே நட்சத்திரம் தெரியுதே."

"நம்ம ஊர்ல விடிஞ்சுடுதேப்பா. விடிஞ்ச நேரத்துல கிரகம் குறுக்க போயிட்டா தெரியாமலே பூடும். அங்க ஆறு மாசத்துக்கு சூரியன் தலையே காட்டாது. ஒரே நட்சத்திரத்த கண்ணு எடுக்காம பாத்துகினு இருக்கலாம். அங்க நட்சத்திரம் மறையவும் மறையாது, செக்கு மாடு மாதிரி தலைக்கு மேல சுத்திகினே கெடக்கும்."

ஸ்டாண்டுல இத சொன்னேன். ஒரு ஆட்டோக்காரன், "ஆறு மாசமும் நைட் ஷிஃப்ட்டா? அப்ப ஓ.டி. செமயா வருமே"ன்னான்.

போறதுக்கு முன்னால லீவுல வந்தான். வந்தவன் ஒரு பொண்ணக் கூட்டிகினு வந்து நின்னான். தூத்துக்குடி பக்கத்துப் பொண்ணு. ஸ்ரீபெரும்புதூர் போன் கம்பெனில வேல, ஒரகடத்துல ஹாஸ்டல். நாயித்துக்கெயம படப்பைல சர்ச்சுக்கு என் வண்டில வந்து போற பொண்ணுதான், எனக்கு மூஞ்சி தெரியும். காசு குடுக்கும்போது மட்டும் ஏன் அவ்ளோ மரியாதையா சிரிக்குதுன்னு அப்பத்தான் புரிஞ்சுது. கார்த்திகைல கல்யாணம். நல்ல மழ. பந்தல்ல ஒரு பக்கம் தண்ணி ஊத்துது, இன்னொரு பக்கம் சாம்பாரு ஊத்தறாங்க. தை பொறக்கறதுக்குள்ள இவன் பொட்டியத் தூக்கிட்டான்.

வண்டில ஏறுன ஒரு அம்மா சொல்லுச்சு: "ஆடிக்கு ஒரு மாசம் பிரிச்சு வெக்கிறத கேட்டுருக்கேன். வருசத்துக்கே பிரிச்சு வெக்கிறத உங்க வூட்லதான் பாக்கறேன்."

அவ முழுகாம இருக்கான்னு தெரியறதுக்குள்ள அங்கருந்து கடைசி ப்ளேனும் கெளம்பிப் போயிடுச்சு. அதுக்கப்பறம் அங்க வெயில் காலம் வந்தாத்தான் ப்ளேன் எறங்குமாம். அவ்ளோ குளுரு. ஒயர வெளிய எடுத்தா வெறகு குச்சி மாதிரி வெடச்சிக்குமாம், மடக்குனா ஒடிஞ்சிடுமாம். டெலஸ்கோப்பு கண்ணாடில பனி தூளு தூளா ஒக்காந்துகினே இருக்குமாம், இவன் போயி பிரஷ்ஷால நீவி விடணுமாம். புரட்டாசில கொயந்த. இவனால வர முடியாது. யாரு கைல காலுல விழுந்தாலும் முடியாது. அத அவ ஒரு தடவதான் கேட்டா, அப்பறம் கேக்கல.

வாரத்துக்கு ஒரு போனு. நான் ஹலோன்னா அது அவன் காதுக்குப் போறதுக்குள்ள ரெண்டாவது ஹலோ சொல்லிடுவேன். ரெண்டு பேரும் ஒண்ணா பேசுவோம், ரெண்டு பேரும் ஒண்ணா நிறுத்துவோம். அப்டி ஒரு நாள் என் சம்சாரம் போன வாங்கி, "அந்தக் கிரகம் கண்ணுல பட்டுதா?"ன்னா.

"கிரகத்த பாக்க முடியாதும்மா. அது நட்சத்திரத்துக்கு முன்னால குறுக்க போவும்போது நட்சத்திரத்தோட வெளிச்சம் நூத்துல ஒரு பங்கு கொறையும். அத வெச்சு கண்டுபுடிக்கறதுதான்."

"அதாவது கிரகணம்."

"ஆங், அதேதான். இப்ப ஒரு கேண்டிடேட்டு மாட்டிகிது. மூணு நாளுக்கு ஒரு வாட்டி கொறையுது."

கேண்டிடேட்டுன்னா எலக்‌ஷன்ல நிக்கிறவன், ஜெயிச்சாத்தான் எம்.எல்.ஏ. இதுவும் அப்டித்தானாம். வேற ஊருல பெரிய டெலஸ்கோப்பு வெச்சிருக்கறவங்க பாத்து ஆமான்னு சொன்னாத்தான் கிரகம்.

என் சம்சாரத்துக்கு அதெல்லாம் காதுல ஏறல. போன வெச்சுட்டு நேரா மருமவகிட்டப் போனா. "இதோ பாரும்மா, உம்புருசன் பாக்கற நட்சத்திரத்துக்கு கிரகணம் புடிக்குதாம். மாசமா இருக்கறவ வெளிய வரக்கூடாது. காய் நறுக்கக்கூடாது, தின்னக்கூடாது, படுத்துக்கணும்."

அவ சிரிச்சிட்டா. "எங்கூருல சூரிய கிரகணத்துக்கே நாங்க சோறு திம்போம் அத்தை. அவிய பாக்குத நட்சத்திரம் நம்ம கண்ணுக்குத் தெரியக்கூட செய்யாதே."

"தெரியாட்டி இன்னா? கொயந்தயோட அப்பன் அதுக்கு எதுருல ஒக்காந்துகினு கீறான்ல."

அடுத்த போன்ல புள்ளயும் எடுத்து சொல்லிப் பாத்தான். "அம்மா, அந்த வெளிச்சம் கெளம்பி பல நூறு வருசம் ஆச்சு. அந்தக் கிரகணம் எப்பவோ முடிஞ்சு போச்சு."

"கெளம்புனது எப்பவா வேணா இருக்கட்டும். வந்து சேர்றது இப்பதான?"

அவன் மெதுவா, "அது சரிதான்"ன்னான்.

நான் சம்சாரத்தக் கண்டிச்சேன். இந்த வேக்காட்டுல புள்ளத்தாச்சிய உள்ள போட்டு அடைக்கிறியேன்னு. அதுக்கு பதில் சொன்னது மருமவதான். மொத தடவ மாமியாருக்காக மொணகிகினே போயி படுத்தவ, ரெண்டாவது தடவ அவளாவே நேரம் கேட்டு வாங்கிகினா. மூணாவது தடவலருந்து யாரும் சொல்ல வேணாம். மூணு நாளுக்கு ஒண்ணுன்னாலும் சரியா மூணு இல்ல, நேரம் தள்ளித் தள்ளி வரும். மூணு ஷிஃப்ட்டும் மாறி மாறிப் பாத்த பொண்ணுக்கு அது ஒரு கணக்கா? காலைலயே சொல்லிடுவா, "மாமா, இன்னிக்கு மதியம் சாப்பாட்ட சீக்கிரம் போடச் சொல்லுங்க."

ஒரு நாள் கேட்டேன், உள்ள படுத்துகினு இன்னாம்மா பண்றேன்னு.

"மத்த நேரத்துல அவிய தூங்குதாவளா, திங்காவளா, வெளிய பனில நிக்காவளா, ஒண்ணும் தெரியாது மாமா. இந்த ரெண்டு மணி நேரம் மட்டும் எங்க பாத்துக்கிட்டு இருக்காவன்னு எனக்குத் தெரியும்."

அதுக்கப்பறம் நான் கண்டிக்கல. அந்த நேரத்துல சவாரிய வுட்டுட்டு வூட்டுக்கு வந்து, கதவுக்கு வெளிய ஒக்காந்துக்க ஆரம்பிச்சேன். தெருவுல பசங்க கத்துனா அதட்டறது, கொரியர்காரன் பெல்ல அடிக்காம தடுக்கறது. எனக்கும் அது ஒரு டூட்டியாச்சு. எனக்கும் அவன் அங்க பாத்துகினு கீறான்னு தெரியும்ல.

ஆனி மாசம் போன் வந்துது. கொரலு செத்துக் கெடந்துது. "டெபாசிட் போச்சுப்பா. அது கிரகம் இல்ல. ரெண்டு நட்சத்திரம் ஒண்ண ஒண்ணு சுத்திகினு மறைச்சிருக்கு. அவ்ளோதான், அத வுட்டுட்டோம்."

மருமவ பக்கத்துலதான் நின்னா. சட்டுன்னு உள்ள போனா. கரண்டிய எடுத்து வெக்கிற சத்தத்துல கோவம் தெரிஞ்சுது. அப்பறம் அடுப்பப் பாத்துகினே, "அப்ப இத்தன நாளு நான் எதுக்குப் படுத்துக் கெடந்தேன்?"ன்னா. அன்னிக்கு சாப்புடல. மக்யா நாளும் சரியா சாப்புடல. டாக்டரு வெயிட் ஏறலன்னு திட்டி அனுப்புனாரு. அவங்கம்மா தூத்துக்குடிலருந்து வந்து, "எங்கூட வந்துரு"ன்னு கூப்புட்டுப் பாத்துது. அங்க டவரு கெடைக்காதுன்னு போவ மாட்டேன்னுட்டா.

அடுத்த வாரம் போன் வந்தப்ப நான் மாடிக்கு எடுத்துகினு போயிட்டேன். "டேய், வேற ஒரு நட்சத்திரம் குடுடா"ன்னேன்.

"இன்னாப்பா?"

"அவ சாப்புட மாட்டேங்கறாடா. வேற எதுனா நட்சத்திரம். இது பொய்யா பூடக் கூடாது. கெட்டியா இருக்கணும்."

"நட்சத்திரம் நான் குடுக்கறதாப்பா?"ன்னு சிரிச்சான். அப்பறம் அந்தச் சிரிப்பு அப்டியே ஒரு மாதிரி ஆயிடுச்சு, மூக்க உறிஞ்சற சத்தம் கேட்டுது. ரோட்டுல வண்டில போவோமே, அது மாதிரி கொஞ்ச நேரம் இருந்தோம். போன் கார்டுல காசு ஓடுதேன்னு கூட அவன் சொல்லல.

"ஒண்ணு கீதுப்பா. ஏற்கெனவே கிரகம்னு நிச்சயமானது. எங்க டெலஸ்கோப்பு சரியா வேல செய்யுதான்னு பாக்க அப்பப்ப அதத்தான் பாப்போம். அவகிட்ட குடு."

அந்தப் புது நட்சத்திரத்துக்கு மறுபடியும் கதவு சாத்திகிச்சு. சோறும் உள்ள போச்சு.

கொயந்த பொறக்கறதுக்குக் கொஞ்சம் முன்னால அங்க விடிஞ்சு போச்சு. வெளிச்சம் வந்துட்டுது, டெலஸ்கோப்ப மூடிட்டோம், இனிமே படுக்க வேணாம்னு சொன்னான். "நீங்க பாக்கலேன்னா அது போவாதா?"ன்னு கேட்டா அவ. கொயந்த பொறந்தது கிரகணமே இல்லாத ஒரு சாதாரண நாளு. குன்றத்தூர் ஆஸ்பத்திரி. பொண்ணு. போனக் கொயந்த வாயாண்ட வெச்சோம். அது அழுத சத்தம் போயி சேர்றதுக்குள்ள தூங்கியும் பூடுச்சு.

கார்த்திகை கடைசில வந்து எறங்குனான். கன்னமெல்லாம் ஒட்டிப் போயி, வெயிலுக்கு கண்ண இடுக்கிகினு. ஏர்போர்ட்லருந்து டாக்ஸில வந்தோம். படப்பைல என் ஆட்டோவப் பாத்துட்டு, "கொஞ்ச தூரம் இதுல போலாம்பா"ன்னு முன்னால ஏறி ஒக்காந்தான். தோளு இடிச்சுது. எலும்பா இடிச்சுது.

கொயந்த அவனப் பாத்து வீர்ருன்னு கத்துச்சு. அத வுடுங்க, ரெண்டு நாளுல பழகிடும். எனக்கு பயமா இருந்தது மத்தது. புருசனும் பொண்டாட்டியும் ஒண்ணா இருந்ததே கல்யாணம் முடிஞ்சு அந்தக் கொஞ்ச நாளுதான. விருந்தாளி மாதிரி பேசிகினாங்க. "தண்ணி வேணுமா?" "இருக்கட்டும்." இவன் ஜனங்க சத்தம் தாங்காம மாடில போயி ஒக்காந்துக்குவான். அவ கொயந்தயத் தூக்கிகினு கீழயே இருப்பா. கெடச்சுட்டுது, ஆனா கைக்கு வரல, அந்த மாதிரி. என் சம்சாரம் எங்கிட்ட, "இதுக்கா அவ்ளோ தவங்கெடந்தா?"ன்னா.

ஒரு நாள் மதியம் சாப்புட்டுகினு இருந்தோம். மருமவ பரிமாறிகினு இருந்தவ கடிகாரத்தப் பாத்தா. கரண்டிய வெச்சா. கொயந்தயத் தூக்கிகினு, "மாமா, நான் கதவ சாத்திக்கிடுதேன்"ன்னா.

"இன்னிக்கு இன்னா?"ன்னான் இவன்.

"உங்க நட்சத்திரம்தான்."

இவன் கைல சோத்தோட கண்ண மூடி கணக்குப் போட்டான். "ஆமா"ன்னான். "ஆனா நான் இங்கதான இருக்கேன்?"

"நீங்க அந்தப் பக்கத்துலருந்துதான பாத்திய? இந்தப் பக்கம் எப்டி இருக்கும்னு தெரியாதுல்ல?"

தட்டுல பாதி சோறு அப்டியே கெடந்துது. எழுந்து கைய கழுவிகினு உள்ள போனான். கதவு சாத்திகிச்சு. ஜன்னலும் சாத்திகிச்சு. நான் பழக்க தோசத்துல வெளிய போயி ஒக்காந்துகினேன். கொஞ்ச நேரங் கழிச்சு கொயந்த சிரிச்சுது, அதுக்கப்பறம் அவ ஏதோ திட்டுனா, நல்லா நீட்டி தூத்துக்குடி பாஷைல. நான் எழுந்து கொஞ்சம் தள்ளி போயி ஒக்காந்துகினேன்.

அடுத்த வருசம் மூணு பேரும் கெளம்பிட்டாங்க, அவன் வேல பாக்கற நாட்டுக்கு. துருவத்துக்கு அவன் திரும்பப் போவல. அந்த டெலஸ்கோப்பாண்ட இப்ப யாரு பெத்த புள்ள ஒக்காந்து பனிய நீவிகினு கீதோ. ஆட்டோவ நான் வித்துட்டேன், கண்ணு சரியா தெரியல. கரண்ட் கட்டும் இப்ப அவ்ளோ இல்ல.

சில நாள் மதியம் நான் வெளிய போயிட்டு வந்து பாப்பேன், அந்த ரூமு கதவு சாத்தியிருக்கும். தெறந்தா ஃபேன நிறுத்திட்டு, ஜன்னல சாத்திகினு, வெறுந்தரைல என் சம்சாரம் படுத்திருப்பா.

"இன்னாடி?"

"கிரகணம்."

"கணக்கு போடற பொண்ணுதான் ஊர்ல இல்லியே. உனக்கு யாரு டைம் சொன்னா?"

"யாரு சொல்லணும்? அவ்ளோ நட்சத்திரம் கீது. எதுக்காச்சும் ஒண்ணுத்துக்கு புடிச்சிகினுதான இருக்கும்"னு சொல்லிட்டு அந்தாண்ட திரும்பிப் படுத்துக்குவா. "கதவ சாத்திட்டுப் போ."

நான் சாத்திட்டு வெளிய ஒக்காந்துக்குவேன்.