மேட்டிலிருந்து இறங்கும் கேபிள்

பல்லிடுக்கில் இரண்டு ஆணிகளைக் கடித்துக்கொண்டு ஏணியில் நின்றபடியே பேசுவார் அக்கா. கீழே நிற்பவருக்குப் பாதிதான் விளங்கும். அது திட்டு என்பது மட்டும் முழுதாக விளங்கும். கிராமங்களுக்கு இன்டர்நெட் கொண்டுபோக அரசு ஒதுக்கும் பணத்தில் கேபிள் இழுக்கும் ஒப்பந்தக்காரர் அவர். இடுப்பில் ஸ்க்ரூடிரைவர். காலில் கணவரின் பழைய ஷூ, கழன்றுவிடாமலிருக்க நுனியில் துணி திணித்திருப்பார். ஊரில் அவருக்குத் 'தலைகீழ் அக்கா' என்று பெயர்.

காரணம் இருக்கிறது. நான் சுற்றிய ஊர்களிலெல்லாம் கேபிள் ரோட்டோர இணைப்புப் பெட்டியில் தொடங்கி மேடேறும். பாதி மேட்டில் பணம் தீர்ந்துபோகும். திறப்பு விழா மட்டும் தவறாமல் நடந்துவிடும். இவரோ உச்சியிலுள்ள கடைசி வீட்டில் தொடங்கி ரோட்டை நோக்கி இறங்குகிறார். ரோட்டுப் பெட்டியைத் தொடும்வரை ஒரு வீட்டிலும் இணைப்பு வேலை செய்யாது. வாலில் தொடங்கினால் தலை எங்கே என்று, பார்வையிட வந்த எஞ்சினியர் சிரித்தாராம்.

"தலைய முதல்ல வச்சா வால வெட்டிடுவீங்க சார். வால்ல ஆரம்பிச்சா தலைய வெட்ட முடியுமா?"

இந்த மாதம் அதற்குச் சோதனை வந்தது. அடுத்த தவணையை மேலிடத்தில் நிறுத்திவைத்தார்கள். ரோட்டுக்குக் கூப்பிடு தூரத்தில் கேபிள் நின்றுவிட்டது. மேட்டு வீடுகளில் புதுக் கருவிகள் விளக்கெரியாமல் சுவரில் தொங்குகின்றன. உச்சி வீட்டுத் தையல்காரி, ஆர்டர் பிடிக்க இன்னமும் போனோடு ரோட்டுக்கு இறங்கி வருகிறார். சிக்னல் அங்கேதான் கிடைக்கும்.

பயமாக இல்லையா என்று கேட்டேன். ஏணியைத் துடைத்துக்கொண்டே, மேட்டில் இருப்பவர்கள் வாயில்லாப் பூச்சிகள், கத்தத் தெரிந்தவர்கள் இனிமேல்தான் வருவார்கள் என்றார்.

முதலில் வந்தவர் அவருடைய கொழுந்தன். ரோட்டோர ஜெராக்ஸ் கடைக்காரர். இணைப்பை நம்பிப் புதுக் கம்ப்யூட்டர்கள் வாங்கிப் போட்டவர். கடை வாசலில் நின்றுகொண்டு ஊர் கேட்கக் குரலெடுத்தார். "சொந்தக்காரன் கடைய விட்டுட்டு மலையேறிப் போனீங்களே அண்ணி, உங்களுக்கே நல்லாருக்கா?"

அக்கா போனை எடுத்து, பணத்தை நிறுத்திவைத்த அலுவலகத்தின் எண்ணை அழுத்தினார். அந்தப் பக்கம் ஒரு குரல் ஹலோ என்றதும், ஸ்பீக்கரைப் போட்டுக் கொழுந்தனின் வாய்க்கு நேராக நீட்டிப் பிடித்தார்.