பிரிக்காத பாக்கெட்

என் கார் என்னைவிட இரண்டு வயது மூத்தது. பெயின்ட் முதல் பிரேக் ஹோஸ் வரை எல்லாம் ஒரிஜினல் என்று, கேட்காதவர்களிடமும் சொல்வேன்.

திண்டிவனத்து மெக்கானிக் அந்தோணி அந்த ரப்பர் ஹோஸை வளைத்து வெடிப்புகளைக் காட்டினார். "இத்த வச்சிக்கினு ரோட்ல போவாதீங்க சார்." புதிய ஹோஸ் ஒன்றையும் பாக்கெட்டோடு கையில் கொடுத்தார். விழுப்புரத்தில் பழைய கார் கண்காட்சி இருந்தது. அது முடியும்வரை ஒரிஜினலே இருக்கட்டும் என்று பாக்கெட்டை டேஷ்போர்டு பெட்டிக்குள் போட்டேன்.

கண்காட்சிக்கு மனைவியோடு கிளம்பினேன். விக்கிரவாண்டி தாண்டியதும் பிரேக் பெடல் வழக்கத்தைவிடக் கீழே இறங்கியது. இரண்டு முறை மிதித்ததும் பிடித்தது. கிழட்டு வண்டியின் செல்லச் சிணுங்கல் என்று ரசித்தேன். அடுத்த முறை நான்கு மிதி தேவைப்பட்டது.

"இன்னாங்க, தையல் மிஷினாட்டம் மிதிச்சிக்கினு வர்றீங்க?"

சிரித்து மழுப்பினேன்.

விழுப்புரத்துக்குள் நுழைந்ததும் மல்லாட்டைக் கூடையோடு ஓர் அம்மா குறுக்கே வந்தார். மிதித்தேன். பெடல் தரையோடு படுத்துக்கொண்டது. கைபிரேக்கும் ஒரிஜினல்தான், அதுவும் பிடிக்கவில்லை. ஸ்டியரிங்கை ஒடித்தேன். கூடையைத் தட்டிவிட்டு, சாலையோர மணல் குவியலில் ஏறி நின்றது கார். என் நெற்றி ஸ்டியரிங்கில் இடித்தது.

"பிரேக்கு இல்லாத வண்டிய எதுக்குய்யா எடுத்துக்கினு வர்ற?" அந்த அம்மா சிதறிய வேர்க்கடலையை அள்ளிக்கொண்டே கேட்டார்.

"திடீர்னு போயிடுச்சும்மா."

என் நெற்றி ரத்தத்தைத் துடைக்கத் துணி தேடி, மனைவி டேஷ்போர்டு பெட்டியைத் திறந்தாள். பிரிக்காத பாக்கெட் அவள் மடியில் விழுந்தது. மேலே எழுதியிருந்ததை நிதானமாகப் படித்தாள்.

"இது எப்போலேர்ந்து இங்க இருக்குது?"

மறுநாளே காரைக் கட்டி இழுத்து அந்தோணியிடம் கொண்டுபோனேன். புதிய ஹோஸ் மாட்டியாயிற்று. பெடல் கல்லைப்போல் நிற்கிறது. அவள் விழுப்புரத்துக்கு பஸ்ஸில்தான் போகிறாள்.