பிறக்குமுன் மூடிய உச்சி

என் மகள் யாழினியின் பார்வை மங்கிப்போனதற்கு நான்தான் காரணம். வேறு யாரும் அல்ல. நான்!

நான் யார் தெரியுமா? புதுச்சேரியில் ஒரு தனியார் பள்ளியில் உயிரியல் நடத்துபவன். கருவில் மண்டையோடு ஒரே ஓடாக உருவாவதில்லை, தனித்தனி எலும்புத் தகடுகளாக வளர்கிறது, மூளை பெருக இடம் வேண்டுமே என்று அவற்றின் இடைவெளிகள் பிறந்த பின்னும் திறந்தே இருக்கும்... ஆண்டுதோறும் இதைப் படம் வரைந்து விளக்குபவன். சொல்லும்போதே எனக்கு என்மீது எரிச்சல் வருகிறது.

யாழினி பிறந்த மறுநாள், மருத்துவர் என்னை மட்டும் தனியே அழைத்தார். என் மனைவி ரேவதி அறுவை சிகிச்சை முடிந்து வலியோடு படுத்திருந்தாள். குழந்தையின் தலை ஒடுங்கி, பின்னோக்கி நீண்டிருந்தது. உச்சியைத் தடவிப் பார்க்கச் சொன்னார். எலும்பு வரப்புபோல் மேடிட்டிருந்தது.

"உச்சி நடுவுல இருக்கற இணைப்பு வயித்துலயே மூடிக்கிச்சு சார். மூளை வளர எடம் பத்தாது. மூணு மாசத்துக்குள்ள கூட்டியாங்க, சின்ன ஆபரேஷன்லயே சரி பண்ணிடலாம்."

அந்தப் பிஞ்சுத் தலையை அறுப்பதா?... படித்ததெல்லாம் அந்த நொடியில் எங்கே போய்த் தொலைந்ததோ!

"டாக்டர் என்னாங்க சொன்னாரு?" என்று ரேவதி கேட்டாள்.

"தலை போகப்போகத் தானா சரியாயிடும்னாரு."

நம்பினாள். உயிரியல் ஆசிரியன் சொன்னால் யார்தான் நம்பமாட்டார்கள்?

தலை மேலும் நீண்டது. சாரம் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம் வைத்தியர்கள் ஆனார்கள்! ஒருத்தி எண்ணெய் தேய்த்து அமுக்கச் சொன்னாள். என் அக்கா நேராக ரேவதியையே பிடித்துக்கொண்டாள்: "புள்ளய ஒரே பக்கமா போட்டு வெச்சா தல இப்பிடித்தான் ஆவும்."

ரேவதி என்னைப் பார்த்தாள். நான் செய்தித்தாளைப் பார்த்தேன்.

இரண்டு வயதில் யாழினி கதவிலும் சுவரிலும் முட்டிக்கொள்ளத் தொடங்கினாள். பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். மண்டைக்குள் ஏறிய அழுத்தம் கண் நரம்புகளைக் கெடுத்துவிட்டிருந்தது.

"பொறந்தப்பவே யாரும் சொல்லலியா?" என்றார் அங்கிருந்த மருத்துவர்.

"தானா சரியாயிடும்னு டாக்டரே சொன்னாருங்க," என்றாள் ரேவதி.

அவர் என் பக்கம் திரும்பினார். "அப்பிடியா சொன்னாரு?"

"ஆமாம்," என்றேன்.

ஆமாம்! அப்போதுகூட!

பெரிய அறுவை சிகிச்சையே செய்ய வேண்டியதாயிற்று. தலை சீரானது, போன பார்வை திரும்பவில்லை. முதல் மருத்துவரை நாலு கேள்வி கேட்டே தீருவேன் என்று ரேவதி கிளம்பினாள். நான்தான் தடுத்தேன். போனது போகட்டும் என்று... எவ்வளவு பெருந்தன்மை பாருங்கள்!

யாழினிக்கு இப்போது ஏழு வயது. புத்தகத்தை மூக்கோடு ஒட்டிவைத்துப் படிக்கிறாள். மகளுக்காக இப்படிப் பாடுபடும் அப்பாவைப் பார்த்ததில்லை என்கிறார்கள் என்னோடு வேலை செய்பவர்கள். வாயை மூடுங்கள் என்று கத்தத் தோன்றுகிறது.

அண்மையில் எங்களுக்கு மகன் பிறந்தான். அவன் தலையில் ஒரு குறையும் இல்லை என்று இரண்டு மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். நேற்றுக் காலை ரேவதி மூன்றாவதாக ஒரு மருத்துவரிடம் கிளம்பினாள்.

"எத்தன டாக்டரத்தான் பாப்ப? அதான் நல்லாருக்குன்னு சொல்லிட்டாங்களே!" என்று எரிந்து விழுந்தேன்.

"யாழினிக்கும் அந்தாளு அப்பிடித்தான சொன்னாரு?"

நான் வாயைத் திறந்தேன்... பிறகு, வண்டிச் சாவியை எடுத்தேன்.